சீவுகிறவர் இல்லாமல் சங்கம் ஏது?

வவுனியாவிலிருந்து மன்னாருக்குப் போகும் வீதியில், நெளுக்குளத்துக்கு அப்பால், பறயனாலங்குளத்துக்கு இப்பால் இருக்கிறது பூவரசங்குளம். குளமும் வயலும் காடும் சேர்ந்த வன்னி ஊர். இப்படிப்பட்ட ஊரில், தாங்கள் குடிப்பதைத் தாங்களே ஆக்கிப் பழக விரும்பும் சிலர் கூடி ஒரு சங்கம் தொடங்க நினைத்தால், அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் மேற்கு நாடுகளையே கைகாட்டுவார்கள். வீட்டுக் குசினியில் பியர் காய்ச்சி, மாதமொருமுறை கூடி, ஒருவர் ஆக்கியதை மற்றவர் சுவைத்துக் குறை நிறை சொல்லும் சங்கங்கள் அங்கே நிறைய உண்டு. ஆனால் இலங்கையின் வடக்கிலும் மது ஆக்குகிறவர்களின் சங்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1972 முதல் அது சட்டப்படி பதிவான கூட்டுறவாகவே ஊரூராக இருந்துவருகிறது. சனங்கள் அதைக் கள்ளுக் கோப்பிறேசன் என்பார்கள். பதிவேட்டில் அதன் பெயர் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம். மேற்கத்தியச் சங்கத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு, உறுப்பினர் யார் என்பதில்தான். அங்கே சுவைக்கிறவர் உறுப்பினர், இங்கே சீவுகிறவர் உறுப்பினர். வன்னியில் இனி யார் எந்த ஆர்வத்தோடு அப்படியொரு சங்கத்தைத் தொடங்கினாலும், சீவுகிறவருக்கு அதில் என்ன இடம் என்பதை முதலில் தீர்க்காவிட்டால் அது நிலைக்காது; நிலைத்தாலும் நியாயமானதாக இராது. இந்தத் தொழிலின் வரலாற்றை வாசித்தபின் எனக்கு வந்த முடிவு இது.

மேற்கின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பிரித்தானியாவில் வீட்டில் பியர் ஆக்குவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்ற விதி 1963 இல்தான் நீங்கியது. அமெரிக்காவில் மதுவிலக்கு 1933 இல் முடிந்தபோது வீட்டில் வைன் ஆக்குவதற்கு இடம் கிடைத்தது, பியர் விடுபட்டுப்போனது. 1978 இல் ஜிம்மி காட்டர் கையொப்பமிட்ட சட்டம்தான் அந்தக் குறையைத் தீர்த்தது. பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கலன்வரை வரியில்லாமல் ஆக்கலாம் என்றாயிற்று. லொஸ் ஏஞ்சல்ஸில் மோல்ட்டோஸ் ஃபல்கன்ஸ் என்ற சங்கம் 1974 இலேயே தொடங்கிவிட்டது. சட்டம் வருவதற்கு நாலு ஆண்டு முந்தியே ஆர்வலர்கள் கூடிவிட்டார்கள் என்பது கவனிக்க வேண்டியது. அங்கே மது ஆக்கும் திறமையெல்லாம் அடுப்படிக்குள் இருக்கிறது. பார்லியை முளைக்கட்டி, வறுத்து, சுடுநீரில் ஊறவைத்து, மாப்பொருளைச் சீனியாக மாற்றி, பிறகு மதுவத்தைச் சேர்த்துக் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் தவறு நேரலாம், ஆகவே ஒவ்வொரு படியிலும் மற்றவரிடம் கற்க இருக்கிறது. சங்கம் பிறப்பதற்கு அதுவே போதும்.

தமிழருக்கும் இத்தகைய அடுப்படி மது தெரிந்திருந்தது. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, அரிசியைக் குழையச் சமைத்து, அகன்ற வாயுள்ள பிழாவில் ஆறவைத்து, அதனோடு ஓர் அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விட்டு மது ஆக்கும் முறையை வரிசையாகச் சொல்கிறது. அந்த அடையை முளையில் செய்ததென்று உரைகாரர் விளக்குவார்கள். முளையின் நொதியம் மாப்பொருளைச் சீனியாக்கும் என்ற அறிவு, நுண்ணுயிரியல் என்ற பாடம் தோன்றுவதற்கு மிக முந்தியே கைப்பழக்கமாக இருந்திருக்கிறது. நெல் விளையும் வன்னியில் இப்படியான அரிசி மது நிலைபெற்றிருக்க முடியாதா என்று கேட்கலாம். நிலைபெறவில்லை, அதற்குக் காரணம் பனைதான். பனம்பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு சீனி ஏற்கெனவே கரைந்திருக்கிறது. முளைக்கட்டவும் வேண்டாம், காய்ச்சவும் வேண்டாம். காற்றிலும் முட்டியின் உட்சுவரிலும் இருக்கும் மதுவமும் பற்றீரியாவும், சாறு விழுந்த நிமிடத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. காலையில் இறக்கியது மத்தியானத்துக்குள் நுரைத்துப் பொங்கும், மறுநாள் புளித்துப்போகும், அதற்கு மேல் வைத்தால் வினாகிரிதான். சோறாகக்கூடிய நெல்லை மதுவுக்குச் செலவிட வேண்டிய அவசியம் பனையும் தென்னையும் உள்ள நாட்டில் யாருக்கும் இருக்கவில்லை.

ஆகவே இங்கே மது ஆக்கும் திறமை அடுப்படியை விட்டு மரத்துக்கு ஏறிவிட்டது. புளிக்கவைக்க ஒருவரும் தேவையில்லை. ஆனால் புளிக்கத் தொடங்கும் அந்தச் சாற்றை வரவழைக்க, எந்த மரம் எப்போது பாளை தள்ளும் என்று தெரிய வேண்டும். ஆண்பாளையை ஒரு விதமாகவும் பெண்பாளையை வேறு விதமாகவும் பதமாக நசித்துத் தட்டிக் கட்ட வேண்டும். பிறகு நாள்தோறும் காலையும் மாலையும் ஏறி, கடதாசி போன்ற மெல்லிய சீவலாக நுனியைச் சீவ வேண்டும். தடிப்பாகச் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துவிடும், ஒரு நாள் விட்டாலும் வெட்டுவாய் காய்ந்து சாறு அடைத்துவிடும். இவ்வளவும் காலில் தளநாரோடு, இடுப்பில் கத்தியோடு, ஐம்பது அறுபது அடி உயரத்தில் நடக்கும் வேலை. முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசினால் அதே சாறு புளிக்காமல் கருப்பநீராக இறங்கும். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. ஒரே மரம், ஒரே ஏற்றம். மேலே கொண்டுபோகும் முட்டிக்குள் என்ன பூசியிருக்கிறது என்பதுதான் கள்ளா கட்டியா என்பதைத் தீர்மானிக்கிறது. 1850 இல் கொழும்பில் பனையைப் பற்றித் தனி நூல் எழுதிய வில்லியம் பேர்குசன், பனைக்கு 801 பயன் உண்டென்று பாடும் தாலவிலாசம் என்ற தமிழ்ச் செய்யுளை எடுத்துக்காட்டினார். அந்தப் பயன்களில் பல, யாராவது மரத்தில் ஏறினால்தான் தரைக்கு வரும். குடிக்கிறவர் எவ்வளவு நுட்பமான சுவைஞராக இருந்தாலும், மேலே இருப்பவர் கைவிட்டால் அவருக்குப் பிளாவில் ஒன்றும் விழாது.

இவ்வளவு திறமை தேவைப்பட்ட தொழிலைச் செய்தவர்களைச் சமூகம் எங்கே வைத்திருந்தது என்பது வேதனையான பக்கம். 1707 இல் ஒல்லாந்தருக்காகத் தொகுக்கப்பட்ட தேசவழமை, அடிமைகளுக்கென ஒரு பகுதியை ஒதுக்கி, அதில் நளவரையும் பள்ளரையும் சேர்க்கிறது. இலங்கையில் அடிமைமுறை 1844 இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் மரம் நின்ற காணி யாருடையதோ அவருடைய கை மேலேயே இருந்தது. சீவுகிறவருக்குச் சொந்தமாக இருந்தது கத்தியும் தளநாரும்தான். பனை வளவுக்காரருடையது, குடியிருந்த நிலமும் பல இடங்களில் அவருடையதே. பாளை யாருக்கு, முட்டியில் பங்கு எவ்வளவு, இவற்றோடு எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளலாம், எந்தத் துணியை எவ்வளவு உடுக்கலாம் என்பதும் ஒரே ஆளின் சொல்லில் தொங்கிய காலம் அது. கள்ளு வேண்டும், சீவுகிறவரின் நிழல் வேண்டாம் என்ற இந்த இரட்டைப் போக்கை மறந்துவிட்டு இந்தத் தொழிலின் வரலாற்றை எழுதினால், அது தொழிலின் வரலாறாக இராது, குடித்தவர்களின் நினைவாகவே முடிந்துவிடும்.

அரசாங்கம் இதற்குள் புகுந்தது வருமானத்துக்காக. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் பிரித்தானிய ஆட்சி, சாராயத்தையும் கள்ளையும் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டுப் பணம் பார்த்தது. தெற்கில் அந்தக் குத்தகையில் கொழுத்த குடும்பங்கள் பிறகு நாட்டின் மேல்தட்டாகவே உருவாயின. 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச்சட்டம் இந்த ஒழுங்கைப் புதுப்பித்து இறுக்கியது. கள் இறக்குவதும் வைத்திருப்பதும் விற்பதும் அனுமதிப்பத்திரத்துக்குள் வந்தன, தவறணைகள் பெருகின. அதற்கெதிராக எழுந்த மதுவிலக்கு இயக்கத்தில்தான் டி.எஸ். சேனநாயக்கா, எவ்.ஆர். சேனநாயக்கா, டி.பி. ஜயதிலக்கா போன்றோர் பொதுவாழ்வில் முன்னுக்கு வந்தார்கள். வடக்கிலும் மதுவிலக்குக்கு மேடை இருந்தது. அந்த மேடைகள் குடிப்பவரின் நலனைப் பற்றி மனதாரப் பேசின, ஆனால் இறக்குபவரின் உலையைப் பற்றி அரிதாகவே பேசின. பொதுமேடையில் சீர்திருத்தம் பேசும் பெரியவர், தம்மைத் தேடி வந்த ஒடுக்கப்பட்ட சாதியினரை வீட்டுக்குள் கூப்பிடாமல் நிலவு வெளிச்சத்துக்கு அழைத்துப்போவதை என்.கே. ரகுநாதன் ‘நிலவிலே பேசுவோம்’ என்ற சிறுகதையாக்கினார். வடபுலத்துச் சீர்திருத்தத்தின் எல்லை எதுவென்பதை நீண்ட ஆய்வுகளைவிட அந்தச் சிறுகதை தெளிவாகக் காட்டுகிறது.

இந்த நீண்ட கதையில் ஒரு விடயம் தொடர்ந்து வருகிறது. அரசாங்கம் யாருக்கு அனுமதி கொடுத்ததோ அவரிடமே கள்ளின் தரமும் வருமானமும் போய்ச்சேர்ந்தன. தவறணைக் குத்தகைக்காரரிடம் அனுமதி இருந்த இடத்தில், சீவுகிறவர் அவர் சொன்ன விலைக்கு அளந்து கொடுத்துவிட்டுப் போனார், முட்டிக்குப் பிறகு அதில் தண்ணீர் எவ்வளவு கலந்தது என்பது அவர் கையில் இல்லை. மரத்துக்கு வரி கட்டி இறக்கும் மரவரி முறை இருந்த இடத்தில் மரத்தடியிலேயே விற்க முடிந்தது. ஆனால் மரம் வளவுக்காரருடையது, வரிக்கு முற்பணம் போடக்கூடியவரும் பெரும்பாலும் அவரே. ஆக, ஏறுகிறவர் கையில் அனுமதி இருக்கவே இல்லை. 1972 இல் நடந்தது இந்த ஒழுங்கின் தலைகீழ் மாற்றம். சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஐக்கிய முன்னணி அரசாங்கத்தில் என்.எம். பெரேரா நிதியமைச்சராக இருந்த காலம் அது. கூட்டுறவுச் சங்கங்களின் 5 ஆம் இலக்கச் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. வடக்கில் கள் இறக்கி விற்கும் உரிமை, சீவல் தொழிலாளர்களே உறுப்பினராக இருக்கும் சங்கங்களுக்குக் கைமாறியது.

வேலைமுறை எளியது. உறுப்பினர் காலையிலும் மாலையிலும் இறக்கியதைச் சங்கத்தின் கொட்டிலுக்குக் கொண்டுவருகிறார். அங்கே அளந்து, பதிந்து, போத்தல் கணக்கில் விலை போடுகிறார்கள். அதில் ஒரு பங்கு சேமிப்பாகவும் நலநிதியாகவும் நிற்கிறது. மரத்திலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்தால், முன்பு வளவுக்காரரின் இரக்கத்தை எதிர்பார்த்துக் கிடந்த குடும்பத்துக்கு, இப்போது கேட்டுப்பெறும் உரிமையாக ஏதோ ஒன்று இருந்தது. பருவம் முடிந்து பாளை வற்றிய மாதங்களில் சேமிப்பு கைகொடுத்தது. பருவத்தில் குடித்து மிஞ்சிய கள் வீணாகாமல் இருக்க, வடமராட்சிச் சங்கங்கள் கொத்தணியாகச் சேர்ந்து திக்கத்தில் வடிசாலை நடத்தின. 1978 இல் பனை அபிவிருத்திச் சபை வந்தபோது, அது பேசுவதற்கு ஊர்தோறும் ஓர் அமைப்பு ஏற்கெனவே இருந்தது. இவையெல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. சாதியின் பெயரால் பொதுக் கிணற்றடியில்கூட நிற்க விடப்படாதவர்கள், தலைவர், செயலாளர், பொருளாளர் என்று தெரிவாகி, கூட்ட அறிக்கை எழுதி, கணக்காய்வுக்குப் பதில் சொல்லும் மண்டபம் ஒன்று அவர்களுக்கு உரிமையானது. 1966 ஒக்ரோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போன தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்துக்கும், 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த போராட்டத்துக்கும் பிறகு சில ஆண்டுகளிலேயே இது நடந்தது. மேலிருந்து வந்த சட்டம்தான், ஆனால் கீழே அதை ஏந்தக் கைகள் தயாராக இருந்தன.

வன்னிக்கு வருவோம். குடாநாட்டையோ பூநகரிக் கரையையோ போலப் பனங்கூடல் சூழ்ந்த ஊர் அல்ல பூவரசங்குளம். உள்நாட்டு வன்னி குளத்து நாடு. 1895 இல் ஜே.பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டக் கைநூலில் தெரிவது, காட்டுக்கும் காய்ச்சலுக்கும் நடுவே ஆள்குறைந்து, ஒவ்வொரு குளத்தடியிலும் சில குடும்பங்களாகச் சுருங்கிக் கிடந்த ஒரு நாடு. இருபதாம் நூற்றாண்டில்தான் குடியேற்றத் திட்டங்கள் வழியாகக் குடாநாட்டு மக்களும், பிறகு 1970களில் மலையகத்திலிருந்து வன்செயலுக்கு அஞ்சி வந்தவர்களும் இங்கே காடு வெட்டிக் குடியேறினார்கள். அவர்களோடு தென்னையும் வந்தது, குளக்கட்டிலும் வளவு எல்லையிலும் வடலி முளைத்தது. யாழ்ப்பாணத்தில் பல தலைமுறையாக இறுகிய வளவுக்காரர், குடிமகன் உறவு இங்கே அதே இறுக்கத்தோடு வரவில்லை. காணியற்றவர் பலர் இங்கே காணிக்காரரானார்கள், தன் வளவுத் தென்னையில் தானே சீவுவது சாத்தியமாயிற்று. கூட்டுறவுக்கு இதைவிட நல்ல மண் கிடைக்காது. ஆனால் அது வேர்பிடிக்கத் தேவையான அமைதியான ஆண்டுகள் வன்னிக்குக் கிடைக்கவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் சீனி அருமையானபோது பனங்கட்டி மறுபடி மரியாதை பெற்றது உண்மைதான். அதே காலத்தில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறித்த பனைகள் இலட்சக்கணக்கில். யுத்தத்தின் பெரும்பகுதியில் வவுனியா–மன்னார் வீதியே இரு தரப்புக்கும் நடுவே எல்லைபோலக் கிடந்தது. அந்த வீதியோரத்து ஊரில் விடியற்காலையில் தனியே மரமேறுவது உயிரைப் பணயம் வைப்பதாகும். மரம் தறிபட்டதைக் கணக்கிட்டிருக்கிறார்கள். சீவுகிறவர்கள் இடம்பெயர்ந்து, மகனுக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுக்கும் அந்த ஆண்டுகள் முகாம்களில் கழிந்துபோனதற்குக் கணக்கில்லை. ஒரு வடலி பாளை தள்ளப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டு ஆகும். சீவக்கூடிய ஒரு கையும் அவ்வளவு எளிதில் உருவாகாது.

இப்படியொரு சங்கத்துக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் மிகக் கனமானது குடியின் கேடு. யுத்தம் முடிந்த வன்னியில், பெண்கள் தனித்துத் தாங்கும் குடும்பங்கள் நிறைந்த ஊர்களில், மது ஆக்குவதற்குச் சங்கமா என்று ஒரு தாய் கேட்டால், அந்தக் கேள்விக்கு முன்னால் யாரும் இலேசாகப் பேசிவிட முடியாது. குடியால் அடிபட்டவரும் கடன்பட்டவரும் பெரும்பாலும் அவர்களே. நான் சொல்வது இவ்வளவுதான். கள்ளை அகற்றினால் குடி அகலும் என்ற நம்பிக்கைக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. தமிழ்நாடு 1987 ஜனவரி 1 முதல் கள்ளைத் தடைசெய்தது, இன்றும் தடை நீடிக்கிறது. பனையேறிகள் குற்றவாளிகளானார்கள். அதே மாநிலத்தில் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன்வசப்படுத்திய அரசாங்க நிறுவனமான டாஸ்மாக் வழியாக வரும் வருமானம் இப்போது ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாயைத் தாண்டுகிறது. குடி குறையவில்லை, பணம் போகும் இடம்தான் மாறியது: பனையேறியின் வீட்டுக்குப் போனது ஆலைக்காரரிடமும் கருவூலத்திடமும் போகிறது. கேரளம் எதிர்வழியில் போனது. கள்ளுத் தொழிலாளரைத் தொழிலாளராகவே ஏற்று 1969 இலேயே அவர்களுக்கு நலநிதிச் சட்டம் செய்தது. அங்கேயும் குடிப்பிரச்சினை இருக்கிறது, ஆனால் மரமேறுகிறவர் பொலிசுக்கு ஒளிய வேண்டியதில்லை.

வன்னியில் கள்ளுக்குப் போட்டியாக நிற்பது தண்ணீரல்ல. ஒரு பக்கம் கசிப்பு. சீனியும் ஈஸ்ட்டும் கையில் கிடைத்த எதுவும் போட்டுக் காட்டுக்குள் வடிப்பது, அளவும் தெரியாது, அதில் மெதனோல் எவ்வளவென்றும் தெரியாது. மறுபக்கம் வெளியிலிருந்து வரும் சாராயமும் பியரும். கிளிநொச்சி மாவட்டத்தில் மதுபானசாலை அனுமதிகள் பெருகியது 2024 இல் நாடாளுமன்றம்வரை போன சர்ச்சையாயிற்று. நூற்றுக்கு ஐந்து ஆறு பங்கு மதுசாரம் உள்ள, மறுநாளைக்கு வைத்திருக்க முடியாத, ஊரிலேயே இறக்கி ஊரிலேயே முடிந்துபோகும் கள்ளை இவற்றோடு ஒரே தட்டில் வைப்பது நீதியல்ல. கள் நல்ல மது என்று நான் வாதாடவில்லை. யார், எங்கே, எவ்வளவு ஆக்கினார் என்று ஊருக்கே தெரிந்த மது அது ஒன்றுதான் என்கிறேன். கட்டுப்படுத்த விரும்புகிறவர்களுக்கு அதைவிட வசதி வேறு இல்லை. கொட்டில் எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும், கடனுக்குக் கொடுக்கலாமா, பாடசாலைப் பிள்ளைக்குக் கொடுத்தவருக்கு என்ன தண்டனை என்பதை ஊர்க்கூட்டத்தில் கேட்டு முடிவெடுக்கக் கூட்டுறவில் இடமுண்டு. மதுபானசாலைக்காரரிடம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இன்னொரு மறுப்பு உள்ளிருந்தே வருகிறது. சீவல் தொழிலைப் பெருமைப்படுத்துவது சாதித்தொழிலை நிலைநிறுத்துவதாகாதா? தந்தை ஏறிய மரத்தில் மகனும் ஏறவேண்டுமென்று சொல்ல நீ யார்? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. படித்து, வேறு வேலைக்குப் போன பிள்ளைகள் செய்தது சரி. சங்கத்தை நடத்திய தகப்பன்மாரில் பலரே தம் சேமிப்பைப் பிள்ளைகளின் படிப்புக்குத்தான் கொடுத்தார்கள். அந்தத் தொழில் இழிவானது என்பதால் அவர்கள் விட்டுப்போகவில்லை. அதைச் செய்தவர்களை இழிவாக நடத்தியதால் போனார்கள். ஆகவே தொழில் இனித் தொடர வேண்டுமானால் சாதியை விட்டுத்தான் தொடர முடியும். ஆர்வலர் சங்கம் என்ற எண்ணத்துக்கு எனக்கு இங்கேதான் மதிப்புத் தெரிகிறது. எந்தச் சாதியில் பிறந்தவரும், ஆணோ பெண்ணோ, விரும்பிக் கற்றுக்கொண்டு காலில் தளநார் மாட்டும் நாளில், அந்தத் தொழிலின் மேல் ஒட்டியிருந்த பழைய அழுக்கு உதிரத் தொடங்கும். ஆனால் ஆர்வலர்கள் கீழே நின்று சுவைத்துப் பாராட்ட, மேலே ஏறுகிறவர் அதே பழைய குடும்பத்திலிருந்தே வருவாரானால், அது பழைய வளவுக்காரர் உறவுக்குப் புதிய சட்டை போட்டதுபோலத்தான்.

கூட்டுறவுகளே தேய்ந்துவிட்டனவே, செத்த முறையை எதற்குத் தூக்கிப்பிடிக்கிறீர்கள் என்பார்கள். தேய்வு உண்மை. உறுப்பினர் குறைந்திருக்கிறார்கள், சில இடங்களில் நிருவாகம் அரசியல் கைகளுக்குப் போயிருக்கிறது, சீனிக் கரைசலைக் கள்ளென்று விற்கும் மோசடி நல்ல கள்ளின் பெயரையும் கெடுத்திருக்கிறது. மேலிருந்து கொடுத்த உரிமைக்கு உள்ள பலவீனமும் இதுதான். அனுமதி சங்கத்துக்கென்று ஆனபின், சங்கத்தைப் பிடித்தால் அனுமதியைப் பிடித்ததாகிறது. லொஸ் ஏஞ்சல்ஸ் ஆர்வலர்கள் சட்டத்துக்கு முன்பே கூடியவர்கள், ஆகவே அவர்களுடைய சங்கம் அனுமதியை நம்பி இருக்கவில்லை, ஒருவரிடம் ஒருவர் கற்பதை நம்பி இருந்தது. நமது கூட்டுறவிடம் அனுமதியும் கணக்கும் நலநிதியும் இருந்தன. கற்பிப்பது குடும்பத்துக்குள் நடக்கும் என்று விட்டுவிட்டார்கள், குடும்பத்துக்குள் அது நின்றபோது சங்கத்திடம் பதில் இருக்கவில்லை. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, ஆனால் சீவலை ஆய்வுகூடத்தில் பழக்க முடியாது. மேற்கின் சங்கத்திடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்குமானால், அது இந்தக் கற்பிக்கும் வழக்கம்தான். மற்றதெல்லாம் நம்மிடம் அவர்களைவிட நன்றாகவே இருந்தது.

அப்படியானால் பூவரசங்குளத்தில் தொடங்குகிறவர்கள் எதிலிருந்து தொடங்கலாம்? சட்டம் தெளிவானது: அனுமதியின்றிக் கள் இறக்குவதும் மது புளிக்கவைப்பதும் குற்றம், வீட்டுப் பாவனைக்கென்று சொல்லித் தப்ப முடியாது. தனித்தனி வீட்டில் ஆக்கும் மேற்கத்திய மாதிரி இங்கே முதல் நாளிலேயே மதுவரித் திணைக்களத்தின் வாசலில் முட்டிநிற்கும். ஆனால் அனுமதியுள்ள கூட்டுறவு வவுனியா மாவட்டத்திலேயே இருக்கிறது. அதன் உறுப்பினராக, அல்லது அதோடு சேர்ந்த கிளையாகத் தொடங்குவதே நேர்வழி. முதல் ஆண்டு முழுவதும் கருப்பநீர் மட்டும் இறக்கலாம். சுண்ணாம்பு எவ்வளவு பூசினால் சாறு புளிக்காமலும் கசக்காமலும் நிற்கும், முட்டியை எப்படிக் கழுவிப் புகைகாட்டினால் சுத்தமாகும், தென்னைப் பாளைக்கும் பனம்பாளைக்கும் சீவல் எப்படி வேறுபடும் என்பவை அதில்தான் பழகும். பழக்குகிறவர் இன்னும் ஏறக்கூடிய, அல்லது ஏறி ஓய்ந்த ஒரு சீவல் தொழிலாளியாக இருக்க வேண்டும். அவருக்கு அதற்குச் சம்பளம் வேண்டும், கூட்டத்தில் வாக்கும் வேண்டும். விழுந்தால் என்ன செய்வது என்பதற்கான காப்புறுதி, கள்ளின் விலையைத் தீர்மானிப்பதற்கு முன்னால் எழுதப்பட வேண்டும். அதற்கான முதல் சந்தா, மரமேறாமல் சுவைக்க மட்டும் சேர்கிறவர்களிடமிருந்து வரட்டும்.